கீழ்ப்பள்ளத்து மண்

நாள் 3. காலை. துளைவண்டி, கீழ்ப்பள்ளம்

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு வணக்கம். என் பெயர் செங்கோடன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஆயுசில் பெரும்பகுதி இருந்தவன். இப்போது செவ்வாயில் அதே வேலை, வேறு காரியத்துக்கு. இந்தப் பள்ளத்தில் புதுக் குடியிருப்பு வரப்போகிறது. அதற்கு அஸ்திவாரம் போடுமுன் மண் தாங்குமா என்று பார்க்க வேண்டும். கம்பியை நிறுத்திச் சுத்தியலால் அடித்து, எத்தனை அடிக்கு இறங்குகிறது என்று எண்ண வேண்டும். குழாயில் ஏறி வரும் மண்ணை உருவிப் பார்க்க வேண்டும்.

இன்று மேலே செம்பொடி, கீழே இறுகிய மணல். தங்கலும் இந்த வண்டிக்குள்ளேயேதான். இயந்திரத்தில் பழுது இல்லை.

எழுதுவது எனக்குப் புதிது. கப்பலில் வரும்போது பொறியாளர் யுவராஜ் சொல்லிக் கொடுத்தார். எங்கள் பக்கத்துக்காரர், என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார். வண்டியின் பதிவை நானே எழுத வேண்டும் என்றதும் அவர்தான். 'மணல்' என்று எழுதிவிட்டு, அது அப்படியே இருக்கிறதா என்று தேநீர் குடித்த பிறகும் வந்து பார்த்தேன். இருந்தது.

நாள் 5. பிற்பகல். கீழ்ப்பள்ளம்

குழாயில் பனிக்கட்டி வந்தது. கையகலத்துக்கு, கண்ணாடி போல.

எங்கள் தொழிலில் தண்ணீர் வரும்வரை வண்டியில் யாரும் சிரிக்கமாட்டோம். வந்துவிட்டால் விசில் அடிப்போம். தோட்டத்துக்காரர் கற்பூரம் கொளுத்துவார். அந்தப் பழக்கத்தில், காலனி முழுக்கக் கேட்கும் பொது இணைப்பைத் திறந்து, தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். பொதுச் சமையலில் இருக்கும் என் மகள் பூங்கொடி, ராத்திரிக்குப் பாயசம் என்றாள்.

பிறகு யுவராஜ் தனி இணைப்பில் வந்தார்.

"பெரீப்பா, கெணத்துக்கு ஓட்டை போட்டாத்தானுங்க தண்ணிக்குச் சந்தோசப்படோணும். இது ஊடு கட்டற எடம்."

விளக்கிச் சொன்னார். இங்கே குளிருக்கு வீட்டுத் தரைக்கு அடியில் சுடுநீர்க் குழாய் ஓடும். அந்தச் சூடு மண்ணுக்கு இறங்கினால் பனி உருகும். உருகினால் மண் குழையும், சுவர் இறங்கும். என் அறிவு எனக்கே சிரிப்பாக இருந்தது. இந்த வயதில் எவ்வளவு தெரிந்துகொள்கிறேன். இனிமேல் மண் விவரத்தைத் தன்னிடம் மட்டும் சொல்லச் சொன்னார். சரி என்றேன்.

நாள் 11. காலை. மேட்டுப்பாறை

பள்ளம் நெடுக ஓட்டை போட்டாயிற்று. எல்லாவற்றிலும் பனி. யுவராஜிடம் சொன்னேன். குடியிருப்பை மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். வண்டியைக் காலனியிலிருந்தே இயக்கி மேட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

இங்கே பாறை. சுத்தியல் துள்ளுகிறது, கம்பி அசையவில்லை. யுவராஜ் பொது இணைப்பைத் திறந்துவிட்டு, முடிவை என் வாயால் சொல்லச் சொன்னார். ஜனங்களுக்கு என் பேச்சில்தான் நம்பிக்கையாம். சொன்னேன்.

"நான் செங்கோடன் பேசறனுங்க. புது ஊட்டுக்குப் பாத்த எடம் நல்ல பாறைங்க. பயப்படாம குடி போலாம்."

எந்த இடம் என்று சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

நாள் 19. நண்பகல். மேட்டுப்பாறை

கட்டுமான இயந்திரங்கள் வந்தன. மேட்டுக்கு வரவில்லை. பள்ளத்தில் இறங்கி, நான் போட்ட ஓட்டைகளின் மேலேயே தளம் அமைக்கின்றன. வழி தவறிவிட்டன என்று நினைத்து யுவராஜைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே இருந்த பிறகு வந்தார்.

"மேட்டுக்குச் சுடுதண்ணி ஏத்தறதுக்குக் குழாய் பத்தாதுங்க பெரீப்பா. அடுத்த கப்பல் ஆளுக கெளம்பிட்டாங்க. மேல இருக்கறவிய பள்ளத்துலயே போடச் சொல்லிப்போட்டாங்க. ரெண்டு வருசம் தாங்குமுங்க."

ரெண்டு வருஷம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். ஊருக்குத் திரும்பியிருப்பேன் என்றார். அதை மறைக்கக்கூட இல்லை.

பனியைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். தெரியாமல் செய்திருந்தால் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன்.

பொது இணைப்பைத் திறந்தேன். பேசினேன். யாரும் பதில் சொல்லவில்லை. மற்றவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. என் குரலை அங்கே நிறுத்திவிட்டார்கள்.

நாள் 34. மாலை. மேட்டுப்பாறை

சாப்பாடும் காற்றும் ஆளில்லாத் தள்ளுவண்டியில் ஒழுங்காக வருகின்றன. குடியேறி முடிந்ததும் என்னை அழைத்துப்போக ஏற்பாடு செய்வதாக யுவராஜ் செய்தி வைத்திருந்தார். கடைசியில், 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் பெரியப்பா.' அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படிக்கத் தெரியாமலே இருந்திருக்கலாம்.

இன்று வீடு ஒதுக்கும் கூட்டம். பொது இணைப்பில் கேட்டுக்கொண்டிருந்தேன். சிலர் தயங்கினார்கள். பள்ளத்தில் பனி இருந்ததாமே என்று ஒருவர் கேட்டார். உடனே என் குரல் வந்தது. நல்ல பாறைங்க. பயப்படாம குடி போலாம்.

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. முதல் வீடு பூங்கொடிக்கு.

நாள் 41. காலை

வண்டியை நகர்த்தப் பார்த்தேன். சக்கரம் பூட்டியிருக்கிறது. நான் பேசுவது கேட்காது என்று தெரியாமல் பூங்கொடி தினமும் கூப்பிடுகிறாள்.

"ஏனுங்கப்பா, இன்னும் கோவமா? கோவத்துலதான் பேசமாட்டீங்கறீங்கன்னு யுவராஜண்ணன் சொன்னாரு. ஒரு வார்த்த பேசுனாத்தான் என்ன? தரையெல்லாம் எளஞ்சூடா இருக்குது. செருப்பில்லாம நடக்கறன்."

நாள் 47

"அப்பா, வாசக்கதவு கொஞ்சம் புடிக்குது. தோள் குடுத்துத்தான் சாத்தறன். எண்ணெ போட்டாச் செரியாயிருமுன்னு யுவராஜண்ணன் சொன்னாரு."

கதவு பிடிக்கிறதென்றால் சுவர் இறங்குகிறது. ரெண்டு வருஷம் தாங்காது.

அந்தக் கதவுதான் வீட்டுக்குள் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

அன்றே

உடுப்பைப் போட்டுவிட்டேன். கையுறையோடு எழுதுகிறேன். குப்பியில் இருக்கும் காற்று பாதி வழிக்கு வரும். மீதிக்கு மெதுவாக மூச்சு விட வேண்டும்.

இதைப் படிப்பவரே, நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் நான் போய்ச் சேரவில்லை. என்னைத் தேடாதீர்கள். முதல் வீட்டுக்குப் போங்கள். அப்பா சொன்னது இந்த இடத்தை இல்லை என்று அவளிடம்

அவள் மறுபடி கூப்பிடுகிறாள். இப்போது கதவு முழுசாகச் சாத்த வரவில்லை என்கி