உன் மகளின் கண்ணாடி

பிரசவ அறைக்குள் போகுமுன் உன் மகள் தன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "மேல உக்காந்துடாத பெரிம்மா, ஒடஞ்சிடும்" என்றாள். வலியிலும் நக்கல். அது உன் சொத்தல்ல, பக்கத்து வீட்டுக்காரியான என்னிடம் கற்றது.

முந்தானையில் துடைத்தேன். உன்னுடையதைப் போலவே கனம். உன்னை சோடாபுட்டி என்று நான் கூப்பிடாத நாள் உண்டா? ஆனால் அந்தக் கதவு சாத்தியதும் எனக்கு ஒரு சிரிப்பும் வரவில்லையடி.

தறியில் பாவு பிணைக்கும்போது மட்டும் உன்னைக் கிண்டல் செய்ய முடியாது. பழைய பாவின் நுனியோடு புது இழையைச் சேர்த்து முறுக்க, கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு இடிக்கிற மாதிரி குனிவாய். கிட்டத்தில் இருப்பது எதுவும் உனக்குத் தப்பாது. தெருமுனையில் வருவது மாமியாரா மாடா என்பதுதான் தெரியாது.

இவளைச் சுமந்தபோது, கண்ணோரம் பளிச் பளிச்சென்று மின்னுகிறது என்றாய். ஜரிகை மினுக்கம் என்று நீயும் சொன்னாய், நாங்களும் சொன்னோம். கறுப்பாய் மிதந்ததற்குப் பட்டுப் பிசிர் என்று பேர் வைத்தோம். நாளெல்லாம் தறியில் உட்காருகிறவர்களுக்கு வேறென்ன தோன்றும்? இவள் பிறந்து சில நாளில் இடது கண்ணில் நிழல் இறங்கியது. அந்தப் பார்வை திரும்பவே இல்லை. பிரசவத்தில் முக்கினதால் போச்சு என்று தெருவே பேசியது.

போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோதும் என் கையைப் பிடித்துகினு அதையே சொன்னாய். "எம் பொண்ண முக்க வுடாதடி. ஆப்பரேஷன்தான் பண்ணணும்." சரி என்றேன். அதற்குப் பிறகு நீ எழுந்திருக்கவில்லை.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்றதும் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் உன் கதையைச் சொல்லி ஆப்பரேஷன் கேட்டேன். முதலில் கண்ணைக் காட்டு என்று வேலூருக்கு அனுப்பினார். அங்கே சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கிற திரையை வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். ஓரத்தில் சின்ன ஓட்டை. லேசர் வைத்து அதைச் சுற்றி ஒட்டினார்கள். மறுபடி போனபோது கண் டாக்டரம்மா, இப்போது திரை நன்றாக இருக்கிறது, சுகப்பிரசவம் ஆகலாம் என்றார்.

எனக்கு மனசு ஆறவில்லை. உன் கண் போனதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"முக்கினதால போச்சுன்னு சொல்ல முடியாதும்மா. திரை கிழியறப்ப அப்படி மின்னும். மின்னினப்பவே வந்து பாத்திருக்கணும். கண்ணாடி பவர் அதிகம்ங்கிறதுக்காக மட்டும் வயித்த கிழிக்க வேணாம். இவங்களுக்கு மின்னினா, நெழல் மாதிரி எறங்கினா, அன்னிக்கே கூட்டிகினு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு காதில் அந்த அம்மா, ஒரு காதில் நீ. ஒரே பேஜார். களம்பூர் தாண்டியதும் உன் மகளிடமே கேட்டேன், அம்மா சொன்னதை மீறலாமா என்று. அவள் ஜன்னல் பக்கமே பார்த்துகினு இருந்தாள்.

"அம்மாக்கு ஆப்பரேஷனா முக்கியம்? என் கண்ணு போவக்கூடாதுன்னுதான சொல்லிச்சு. கண்ணத்தான் பாத்துட்டாங்களே பெரிம்மா."

சரிதான். ஆனாலும், உள்ளே அவள் கத்தும் ஒவ்வொரு முறையும் இங்கே என் இடது கண் தானாக மூடிக்கொண்டது. நீ இருந்திருந்தால் என்னை என்ன திட்டு திட்டியிருப்பாயோ.

கடைசியில் நர்சம்மா கூப்பிட்டார். பெண் குழந்தை. கண்ணாடியைத் தூக்கிகினு ஓடினேன். உன் மகள் அதை வாங்கவில்லை. குழந்தையை மூக்கு இடிக்கிற மாதிரி கிட்டே பிடித்து, புருவம், இமை, காது மடல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துகினு இருந்தாள். பாவின் மேல் நீ குனிந்திருந்த அதே குனிவு.

"மின்னுதாடி?" என்று கேட்டேன்.

"இல்ல பெரிம்மா."

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் கண்ணைக் கசக்கினால் போதும், கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு அதையே கேட்கிறேன். நச்சரிக்கிறேன் என்று திட்டுகிறாள். உன்னிடம் யாரும் கேட்காமல் விட்டது அது. இவளிடம் நான் கேட்டுகினேதான் இருப்பேன்.