என் தலையிலுள்ள நீர்க்கட்டி குறித்து

மார்ச் 3, செவ்வாய்

குளியலறையில் நான் வழுக்கி விழுந்தது பிப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. மகன் எல்லோரிடமும் சனிக்கிழமை என்றே சொல்லிவருகிறான். அன்று எடுத்த சி.டி. ஸ்கேனில் எலும்பு முறிவு இல்லை. ஆனால் இடது காதுக்கு மேலே, உட்புறம், விளிம்பு வழவழப்பான ஒரு கறுப்புத் திட்டு. நீர்க்கட்டி என்கிறார்கள்.

மார்ச் 5, வியாழன்

முதியோர் இல்லத்துக்குக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை மகன் திரும்பப் பெற்றுவிட்டான். "சீக்காளியை எப்படிப்பா அனுப்புறது?" என்றான். விண்ணப்பித்திருந்ததையே இன்றுதான் அறிகிறேன்.

மார்ச் 9, திங்கள்

சில மாதங்களுக்கு முன், மருமகளின் தாயாரின் முதலாண்டு நினைவு நாளில், உறவினர் நடுவே, அவர் இறந்தது 18ஆம் தேதி அல்ல, 17 என்றேன். "பெற்ற மகளுக்கே தேதி தெரியாத சாவு" என்றும் சொன்னேன். அன்றிலிருந்து இவள் என்னோடு பேசியதில்லை. இன்று சோறு பரிமாறிவிட்டு, நகராமல் நின்றாள்.

"பரவாயில்ல மாமா. அன்னிக்குப் பேசினது நீங்க இல்ல, உங்க தலைல இருக்கிறதுதான்னு இப்பப் புரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேதி 17தான். கட்டி சொல்லவில்லை. நான் சொன்னேன்.

மார்ச் 14, சனி

நாளிதழை மடித்த விதம் சரியில்லை என்றேன். "தாத்தாவோட பலூன் பேசுது!" என்றாள் பேத்தி. கட்டிக்கு அவள் வைத்த பெயர். எல்லோரும் சிரித்தார்கள் — அன்பாக! ஐம்பதாண்டு ஒழுங்கை ஒரு பலூன் பேரில் எழுதிவிடுவதா? என்னை என்ன, புத்தி கெட்டவன்னு நினைச்சுட்டாங்களா? எம்.ஆர்.ஐ. எடுத்தே தீருவேன் என்றேன்.

மகன் தனியே வந்து கெஞ்சினான். "விடுங்கப்பா. இப்படியே இருக்கட்டும். வீடு நல்லாத்தானே இருக்கு?"

மார்ச் 24, செவ்வாய்

மகன், மருமகள், நான் மூவரும் நரம்பியல் மருத்துவர் எதிரில் அமர்ந்தோம். திரையில் என் மூளை பல சாயல்களில் வந்துபோயிற்று. மூளையைச் சுற்றியுள்ள நீர் எந்தப் படத்தில் வெண்மையோ, அதில் கட்டியும் வெண்மை. எதில் கறுப்போ, அதில் இதுவும் கறுப்பு. மருந்து ஏற்றி எடுத்த படத்திலும் ஓரம் ஒளிரவில்லை. சுற்றிலும் வீக்கமில்லை.

"வெறும் தண்ணிதான் சார். பொறந்ததுலேருந்தே இருந்திருக்கும். எதையும் அழுத்தல."

"அப்ப இந்தக் கோபம், குத்திக் குத்திப் பேசுறது?" மருமகள் கேட்டாள்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லிவந்தேன்?

மின்தூக்கிக்குக் காத்திருக்கையில் அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ அன்னிக்கு எங்கம்மாவப் பத்திப் பேசினது நீங்களேதானா, மாமா?"

"நானேதான். தேதியும் சரியே" என்றேன்.

மார்ச் 25, புதன்

சோறு மேசைமேல் மூடி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் இருந்தார்கள், கூடத்தில் யாரும் இல்லை.

ஏப்ரல் 2, வியாழன்

மூளைக் கோளாறு உள்ளவர்களை இங்கே சேர்ப்பதில்லை என்று முதியோர் இல்லத்தின் மேலாளர் தயங்கினார். மகன் ஸ்கேன் உறையை எடுத்து நீட்டினான். "டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார் சார். அப்பா தலைல ஒரு குறையும் இல்ல."

மருமகள் வரவில்லை. பேத்தியையும் அனுப்பவில்லை.

பக்கத்துக் கட்டில்காரர் மூட்டுவலிக்காரர். என் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்கு என்ன சார் சீக்கு?"

"ஒன்றுமில்லை."

"அப்புறம் எதுக்குக் கொண்டாந்து விட்டாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.