சப்பாத்து, கதிரை, யன்னல்

ஆகஸ்ட் 8, வெள்ளி
புழுக்கம். யன்னல் கண்ணாடி வெளிப்பக்கமாக வியர்த்து வடிகிறது. குதைபியாச் சந்திக் கடையில் பாண் முடிந்துவிட்டது, ரொட்டி சுட்டேன். வாங்க: பருப்பு, தேங்காய்ப்பால் மா, இவருடைய பிரஷர் குளிசை.

மத்தியானம் வீடியோவில் வீடு பார்த்தோம். போர்த்துக்கல், கோட்டை மதிலுக்குள் பழைய ஊர். வெள்ளைச் சுவர், அடியில் நீலப் பட்டை. இவர் புதுச் சேர்ட் போட்டுக்கொண்டு லாப்டொப் முன்னால், பொம்பிளை பார்க்கப் போனவர் மாதிரி. மகளுக்கு அந்த நாட்டில்தான் வேலை. இவருக்கு டிசம்பரோடு வேலை முடிகிறது, அதோடு எங்கள் பஹ்ரைன் விசாவும் கலாஸ். ஊரில் எங்கள் காணி இன்னும் ஆமியின் கம்பிவேலிக்குள். இந்த வீடு இல்லையென்றால் எந்த வீடு?

தரகர் ரூயி போனைப் பிடித்தபடி, காலணிச் சத்தத்தோடு உள்ளே நுழைந்தான். படத்துக்கு வெளியே ஒரு பெண் குரல்: "சப்பாத்து." பிறகு ஏதோ முணுமுணுப்பு. எனக்குச் சிரிப்பு.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி தமிழ் கதைக்குது."

"விசர்க் கதை. அது அவங்கட போர்த்துக்கீசச் சொல்லு. சப்பாத்து, கதிரை, குசினி, யன்னல் எல்லாம் அவங்கள் தந்திட்டுப் போனதுதானே."

"யாழ்ப்பாணத்தை எடுத்துப்போட்டுச் சப்பாத்தைத் தந்தவங்களாக்கும்."

"இஞ்ச பஹ்ரைனிலயும் கோட்டை பிடிச்சவங்கள்."

"பிடிச்சுப்போட்டுக் கோட்டை விட்டிட்டினம்."

இவரும் சிரித்தார். கனகாலத்துக்குப் பிறகு.

ஆகஸ்ட் 9, சனி
தூசிக் காற்று. உடுப்பு காயப்போடவில்லை.

அந்த அம்மா யார் என்று இவர் ரூயியிடம் கேட்டிருக்கிறார். ஒருவரும் இல்லையாம். வீட்டுச் சொந்தக்காரி குளிர்காலத்தில் இறந்துவிட்டா, அவன் தனியாகத்தான் திறந்துகொண்டு போனானாம். "பக்கத்து வீட்டு ரிவிச் சத்தமாக்கும்," என்கிறார் இவர்.

நேற்றைய வீடியோவை அனுப்பியிருந்தான். வெங்காயம் உரித்தபடி காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முணுமுணுப்பு இப்போது தெளிவு.

"சப்பாத்தைக் கழட்டு."

கொஞ்சம் தள்ளி, குசினிப் பக்கம்: "யன்னலைப் பூட்டு. தூசி வருது."

சப்பாத்து அவர்களுடையது, சரி. யன்னலும் அவர்களுடையது. கழட்டு யாருடையது? பூட்டு யாருடையது? கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

இவரையும் கேட்கச் சொன்னேன்.

"காத்து இரையுது. வேறொண்டும் இல்ல."

"முழுசாக் கேளுங்கோ."

"உமக்கு நித்திரை காணாது."

கடைசியில் ஒரு நிலைக்கண்ணாடியில் ரூயி தெரிகிறான். காலில் வெறும் மேசோடு, சப்பாத்து இல்லை. பயமாக இருக்கிறது. இவரிடம் அதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
ஒஃபிஸில் ஏசி பழுது. தலையிடி.

மகள் போன். "அம்மா, கோட்டை வோல்ஸுக்குள்ள வீடு கிடைக்கிறது சரியான ரெயர். ஸ்பூக்கி, பேய் எண்டு அப்பாவைக் குழப்பாதேங்கோ." இவர்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்.

தேத்தண்ணி குடிக்கும்போது இவரிடம் சொன்னேன். "அந்த வீட்டில நான் கால் வைக்க மாட்டன்."

கப்பைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப எங்க போவம்?"

"தெரியாது. அங்க இல்ல."

"சரி. நீரே அவனுக்குச் சொல்லும்."

கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருக்கலாம். கப்பைக் கழுவும்போது கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி
வெயில், ஈரக் காற்று. மீன் மலிவு. விளைமீன் வாங்கினேன்.

காலையில் ரூயியை அழைத்தேன். இவர் குளிக்கப் போய்விட்டார், பக்கத்தில் நிற்க விருப்பமில்லை. ரூயி அந்த வீட்டில்தான் நின்றான், வேறு யாருக்கோ காட்டத் தூசி தட்டுகிறானாம். பின்னால் போன கிழமை வெறுமையாக இருந்த அறை. இன்று நடுவில் ஒரு கதிரை, யாரையோ உட்காரச் சொல்வதுபோல்.

மரியாதையான இங்கிலீஷில் சொன்னேன். நல்ல வீடு, எங்களுக்குச் சரிவராது, மன்னிக்கவும். அவனும் மரியாதையாக, பரவாயில்லை என்றான். நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது. அந்த நிம்மதியில்தான் பிழை விட்டேன். வெளிக்கிடும்போது நாங்கள் போறன் என்று சொல்லுவதில்லை, அபசகுனம். தாங்க்யூவுக்குப் பிறகு வாய் தன்பாட்டில் சொன்னது:

"அப்ப வாறன்."

ரூயிக்கு விளங்கவில்லை, சிரித்தான். அவன் தோளுக்குப் பின்னால், மிகக் கிட்ட:

"வா பிள்ளை. உலை வைச்சிட்டன்."

லாப்டொப்பை அடித்து மூடினேன். குளியலறைக்குள்ளிருந்து இவர் குரல் கொடுத்தார். "ஆர் வந்திருக்கினம்? ஆரோ உலை வைச்சிட்டன் எண்ட மாதிரிக் கேட்டுது."

வரமாட்டேன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.