சாமி அலமாரியில் இருந்த மருந்து

கொடைக்கானல்,
14-11-1961.

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு இராமலிங்கம் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். ஆயக்குடியில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமாக இருக்கப் பழனியாண்டவன் துணை நிற்கட்டும். இதைத் தனியாக உட்கார்ந்து படி. பாதியில் கோபம் வந்தாலும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

மண்டியில் சோலிக்குக் குறைவில்லை. வில்பட்டிப் பூண்டு வந்து குவிகிறது, மழையும் விடவில்லை. நீ போன ஒரு மாதமாக அம்மா வைக்கிற ரசத்தில் உப்பு இருந்தால் புளி இல்லை. சொல்ல எனக்கு வாயில்லை.

போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ஆயா அன்னக்கொடி மண்டிக்கே வந்தாள். உன்னிடம் எடுத்த சோதனைக்கு மதுரையிலிருந்து முடிவு வந்துவிட்டது, டாக்டரம்மா கூப்பிடுகிறார் என்றாள். நீ ஊரில் இல்லாததால் நான் போனேன். பெண்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்தில், கிழங்கு மூட்டைக்கு விலை கேட்க வந்தவன் மாதிரி ஒரு மணி நேரம் நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வைக்கு நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உனக்கு வந்தது கெட்ட நோய் இல்லையாம். நடத்தையால் வருவதும் இல்லையாம். எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிற ஒருவகைக் காளானாம். வைகாசியில் காய்ச்சலுக்கு நீ விழுங்கிய கேப்சூல், அதை அடக்கி வைத்திருந்த நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. அதனால்தான் பெண்ணுறுப்பில் அது பெருகி அரிப்பும் வெள்ளையும் கொடுத்திருக்கிறது. அந்தக் கேப்சூலை வாங்கி வந்து கொடுத்தவன் நான்.

முதலில் தடவிய ஊதா மருந்து கேட்கவில்லை. பிறகு உள்ளே வைத்துக்கொள்கிற நிஸ்டாடின் மாத்திரையை மதுரையிலிருந்து வரவழைத்து, இரண்டு தடவை பதினைந்து நாள் வீதம் கொடுத்தார்கள். இரண்டு தடவையும் குறைவதுபோல் குறைந்து திரும்பி வந்தது. மருந்துக்கே அசையாத காளானோ என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துதான் மதுரைக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே கண்ணாடிக் குழாயில் வளர்த்து இதே மருந்தைப் போட்டதும் செத்துப்போயிற்றாம். குழாயில் சாகிறது உங்கள் வீட்டில் ஏன் சாகவில்லை, ஒருநாள் விடாமல் வைத்தாளா என்று கேட்டார். மருந்தைச் சாமி அலமாரியில் அத்தனை பத்திரமாக வைத்திருந்தோம் என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப வீட்டுக்குத் தூரமான நாள்ல அவுக எப்படிங்க எடுத்தாக?" என்று அன்னக்கொடி கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அடுப்படிக் காலண்டரைப் பார்த்தேன். அதில் நீ வைத்த மஞ்சள் பொட்டுகளை இத்தனை நாளும் விரத நாள் என்று நினைத்திருந்தேன். மருந்து வைத்த நாளுக்கெல்லாம் ஒரு பொட்டு. இரண்டு மாதத்திலும் நடுவே ஆறேழு நாள் வெறுமையாகக் கிடந்தது. மூன்று நாள் நீ பின்கட்டில் இருந்தாய். தலைக்குக் குளித்த பிறகும், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று அம்மா மருந்தை எடுத்துத் தரவில்லை. மறுநாள் காலண்டரோடு போய் நின்றேன். படித்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகக் குறிப்பதில்லை, கெட்டிக்காரி என்று டாக்டரம்மா உன்னைப் புகழ்ந்தார். அந்த நாட்களிலும் நிறுத்தவே கூடாதாம். நாம் விட்டு விட்டுக் கொடுத்துவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று கிருமி மேல் பழி போடுகிறோம் என்றார். என் வீட்டில் அந்தப் பழி உன் மேல் விழுந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

மருந்தை வேறு இடத்தில் வைக்கலாமா என்று நீ ஒருமுறை கேட்டாய். முருகன் காலடியில் இருந்தால்தான் பலிக்கும் என்று நான்தான் உன்னை அடக்கினேன். புடவையில் இருந்த ஊதாக் கறையைக் காட்டி அம்மா ஏசினாள். நடத்தை கெட்டவள் என்ற அந்த வார்த்தையை நானும் சொன்னேன். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆயக்குடிக்குப் புறப்பட்டாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் பஜாரையே கூட்டியிருப்பேன். உன்னிடம் காலண்டர் முழுக்கச் சாட்சி இருந்தும், அதை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனாய். உன் பொறுமைக்கும் புத்திக்கும் நான் தகுதியானவன்தானா என்று யோசிக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, சுந்தரம். உன்னை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வேறு பெண் பார்க்கிற பேச்சு அன்றோடு நின்றது. "நான் என்னத்தக் கண்டேன்" என்று முனகிக்கொண்டே போய்ப் பின்கட்டு மாடத்தைத் துடைத்து வைத்தாள். புது மாத்திரை இப்போது அந்த மாடத்தில்தான் இருக்கிறது. அங்கே யாரைக் கேட்டும் நீ கைநீட்ட வேண்டியதில்லை.

பதினைந்து நாளும் விடாமல் வைத்தால் தீர்ந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்கிறார். உன் நாள் நெருங்குவதாக அதே காலண்டர் சொல்கிறது. அது கழியட்டும் என்று அங்கே இருந்துவிடாதே. அடுத்த வியாழக்கிழமை வெள்ளனே வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அன்று நீ வராவிட்டால் வெள்ளிக்கிழமையும் நிற்பேன். எந்த நாளாக இருந்தாலும் வா. கொல்லைப்புறமாக வேண்டாம், வாசல் வழியாகவே வா.

இப்படிக்கு,
உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்
இராமலிங்கம்