ஜீபெக்குக்காக யார் சரி சொல்வது

அன்பு மகள் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் ஜீபெக்கும் உன் அண்ணன் தாலாய்பெக் வீட்டாரும் நலம், சிவப்புப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். அங்கே உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, குனிந்தேதான் ஸ்ட்ராபெரி பறிக்கிறாயா, இல்லை மேசை உயரத்தில் வளர்க்கிற கொட்டகைக்கு மாற்றிவிட்டார்களா, அதை நினைத்துத்தான் எனக்குக் கவலை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட்டாலும் கோபம் தணிந்ததும் எடுத்துப் படிக்கத் தோன்றும். பக்கத்து வீட்டு குல்மீரா உன் பண்ணைக்கே வேலைக்கு வருவதால் அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கம்மல் விஷயத்தைத் தாலாய்பெக் உன்னிடம் தன் போக்கில் சொல்லியிருப்பான். நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், படித்துவிட்டு யாரைத் திட்டுவது என்று நீயே முடிவு செய்துகொள்.

ஜீபெக்கின் நர்ஸ் கல்லூரிக்கு வெளிநாட்டு டாக்டர்கள் வருவதாக இருந்தது. அவர்களை மாணவர்கள் சார்பாக ஆங்கிலத்தில் வரவேற்க நம் பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், நாரின் நகரத்துக் கல்லூரியில் எத்தனை பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்களில் ஒருத்தியும் இல்லை, நம் பெண். விடுமுறைக்கு வந்தவள் வீடு முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு நடந்தாள். ஆன் பிஹாஃப் ஆஃப், ஆன் பிஹாஃப் ஆஃப் என்று பால் கறக்கும்போதும் அதே பாட்டு. பசுவே தலையைத் திருப்பிப் பார்த்தது. அது என்னடி என்று கேட்டேன். "ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் பேசுறது, செய்யறது அம்மாச்சி. போன வாரம் உங்களுக்கு முட்டி வலின்னு தபால் ஆபீஸ்ல உங்க சார்பா நான் போயி கையெழுத்துப் போட்டேன்ல, அதுதான்" என்றாள். அப்படியென்றால் எனக்காகக் கொஞ்சம் தூங்கி எழுந்திரு, இடுப்பு விட்டுப்போகிறது என்றேன். சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஆகாது. தூக்கமும் தும்மலும் அவங்கவங்கதான். பக்கத்து வீட்டுக்கு வந்த பார்சல வாங்கலாம், இறந்தவங்க வீட்டுக்குப் போயி துக்கம் கேக்கலாம், நன்றி சொல்லலாம். அதுவும் அவங்க சொல்லி அனுப்பியிருந்தாத்தான் சொல்லணும்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு ஆட்டு மந்தைக்குப் போனவள், எனக்கே ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஜீபெக்குக்குப் பேசி வைத்த மாப்பிள்ளை சமத்தின் அம்மா கன்ஷாயிமும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு பெரியவர்களும் கம்மலோடு வந்தார்கள். வரப்போவது தாலாய்பெக்குக்குத் தெரியும், உனக்கும் தெரியும், எனக்குக் காலையில்தான் தெரியும், ஜீபெக்குக்கு வாசலில் செருப்புகளைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதை நான் இப்போது பெரிதுபடுத்தவில்லை. ஆட்டை அறுத்தோம், தேநீர் ஊற்றினோம், தலைக்கறியைப் பெரியவர் முன்னால் வைத்தோம், மரியாதையில் ஒரு குறையும் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் கன்ஷாயிம் வெள்ளைத் துணி முடிச்சை அவிழ்த்தாள். நல்ல கம்மல்தான், பொய் சொல்லக் கூடாது, பவளம் வைத்தது. மாமியார் கையால் அது காதில் ஏறிவிட்டால் அப்புறம் கழற்றுகிற பேச்சே நம் ஊரில் இல்லை, உனக்குத் தெரியாததா. உடனே தாலாய்பெக் எழுந்து நின்று, "என் தங்கச்சி இங்கிலாந்துலருந்து சரின்னு சொல்லிட்டா, அவ சார்பா சொல்றேன். பொண்ணு சார்பாவும் நானே சொல்லிடறேன், சம்மதம்" என்றான். தேநீர் கொதிக்கும் சமோவார் பக்கத்தில் இருந்த ஜீபெக் கிண்ணத்தில் ஊற்றிய தேநீர் விரிப்பெல்லாம் ஓடிற்று. அவள் என்னைப் பார்த்தாள்.

நான் கன்ஷாயிமின் கையைப் பிடித்துக்கொண்டேன். சம்பந்தியம்மா செத்த நில்லுங்க என்றேன். என் மகள் தூரத்தில் இருக்கிறாள், அவளுக்காக அவள் அண்ணன் பேசினான், சரி. பேத்தி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், வாயும் நாக்கும் இருக்கிறது, அவளுக்கு எதற்கு இன்னொருத்தர் வாய் என்று கேட்டேன். கன்ஷாயிமுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொண்ணக் கேட்டுக் கம்மல் போடுற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு? உங்களக் கட்டிக் கொடுத்தப்ப உங்களக் கேட்டாங்களா?" என்றாள். கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், என் வீட்டுக்காரர் குதிரை மேல் வந்தால் அவ்வளவு லட்சணம், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா என்றேன். பெரியவர் ஒருவர் சிரித்துத் தாடியைத் தடவிக்கொண்டு, "கெழவி சொல்றது ஞாயந்தான், கேட்டுத்தான் பாரேன், கம்மலென்ன வெயில்ல உருகவா போவுது" என்றார். தாலாய்பெக் மட்டும், "அம்மா, மானத்த வாங்காதீங்க" என்று என் காதருகே பல்லைக் கடித்தான்.

ஜீபெக் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சமத் நல்லவருதான் அத்தை, நான் குறை சொல்லல. எனக்கு இன்னும் ரெண்டு வருசம் படிப்பிருக்கு. அது முடியட்டும். அப்பவும் மனசு இருந்தா வாங்க, என்னையே கேளுங்க" என்றாள். கன்ஷாயிம் கம்மலைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்த வீட்ல கோழி கூவுது, சேவல் முட்டையிடுது" என்று தாலாய்பெக்கைப் பார்த்துச் சொன்னாள். ஆனாலும் கறிப் பங்கை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். இரண்டு நாள் கழித்து என் கறிப் பாத்திரம் திரும்பி வந்தது, பெர்மெத். காலியாக வரவில்லை. உள்ளே கன்ஷாயிம் சுட்ட ரொட்டி இருந்தது. கதவைச் சாத்தியவர்கள் ரொட்டி அனுப்ப மாட்டார்கள். உன் அண்ணனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

பிறகு நாரினுக்கு நானும் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்து அவள் பேசியதைக் கேட்டேன். எனக்குப் புரிந்தது ஆன் பிஹாஃப் ஆஃப் மட்டும்தான். அதைச் சொன்னதும் நான் கைதட்டிவிட்டேன். மற்றவர்கள் பேச்சு முடிந்த பிறகுதான் தட்டினார்கள், அதற்கு நான் என்ன செய்வது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நீ அவளிடம் பேசவில்லை. நல்ல இடம் கை நழுவுகிறதே என்று உனக்குப் பயம், தனியாகப் பிள்ளை வளர்த்தவளுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும், நான் தப்பு சொல்லவில்லை. ஆனால் அவள் சாப்பிடும்போதுகூடப் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறாள். நேற்று என்னிடம், "அம்மா என் மேல கோவமா இருக்காங்களான்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க அம்மாச்சி" என்றாள். அவள் சொல்லி அனுப்பியதால் அவள் சார்பாகக் கேட்டுவிட்டேன். பதிலை என்னிடம் சொல்லாதே, உன் அண்ணனிடமும் சொல்லியனுப்பாதே. அதுவும் தும்மல் மாதிரிதான், நீயே அவளிடம் சொல்ல வேண்டும்.

உனக்காகக் கைகளை விரித்துத் துவா கேட்டிருக்கிறேன், உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், உடம்பில் தெம்பும் தட்டில் ரொட்டியும் குறையாதிருக்கட்டும். குல்மீராவிடம் உலர்ந்த தயிர் உருண்டையும் கம்பளிக் காலுறையும் இருக்கிறது, உருண்டையைக் கடிக்காதே, உன் கடைவாய்ப் பல் தாங்காது, வாயில் போட்டு ஊறவிடு. ஜீபெக் ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா சைராகான். யாரையும் எழுதச் சொல்லாமல் என் கையாலேயே எழுதியது, பிழை இருந்தால் அதுவும் என்னுடையதுதான்.