ஒரு மணி நேரம் பின்னால்

பிப்ரவரி 20, செவ்வாய்

என் மகள் தோமிரிஸுக்குக் கீழ்வரிசையில் இன்னொரு பல். கையில் அகப்படுவதையெல்லாம் கடிக்கிறாள். இன்று அகப்பட்டது என் சாவிக்கொத்து. அதிலும் அலுவலகக் கீழ்த்தள அறையின் பெரிய இரும்புச் சாவிதான் அவளுக்குப் பிடித்திருக்கிறது. பிடுங்கினால் அழுகை. வெந்நீரில் கழுவிக் கொடுத்துவிட்டு, துரு வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று வெகுநேரம் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

எனக்கு அந்தச் சாவியைக் கண்டாலே ஆகாது. எங்கள் டயாலிசிஸ் நிலையங்களில் யார், எந்த நாற்காலியில், எத்தனை மணிக்கு என்று சொல்லும் சர்வர் அந்த அறையில்தான் இருந்தது. மேலே கசியும் தண்ணீர்க் குழாய், கீழே சர்வர். அது நின்றுபோனால் யாராவது நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும். கல்யாணமான புதிதில் எத்தனையோ தடவை பனியில் ஓடியிருக்கிறேன். இனி எப்படி? என் கணவர் பெய்பித் மாதத்தில் பாதி நாள் மேற்கே அத்திராவ் எண்ணெய் வயலில் இருக்கிறார். நான் ஓடினால் இவளை யார் பார்ப்பது?

பிரசவ விடுப்பு முடிந்து ஜனவரியில் திரும்பியதும் மேலாளர் வாதிம் ஆந்த்ரேயெவிச்சிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கிளவுடுக்கு, அதாவது இணையம்வழி வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாறிவிடலாம். சர்வரை இயக்கும் பழைய லினக்ஸுக்குக் கோடையோடு திருத்தங்கள் வருவது நின்றுவிடும். புதிய பதிப்பும் இலவசம்தான். நிறுவனங்களுக்கென்றே பல வருஷம் பராமரிப்பார்கள். எது நின்றாலும் வீட்டிலிருந்தே எழுப்பிவிடலாம். ஒத்துக்கொண்டார். மாதத் தொடக்கத்திலிருந்து எல்லாம் கிளவுடில்தான் ஓடுகிறது. ஆனால் பழையதை அணைக்க விடமாட்டேன் என்கிறார்.

"மார்ச் ஒண்ணு தாண்டட்டும், பொண்ணே. ஒரே ஒரு தப்பு நடந்தாலும் கீழ் ரூமுக்கே போயிடுவோம்."

போனால் நான் வேலையை விட வேண்டியதுதான்.

பிப்ரவரி 23, வெள்ளி

மார்ச் 1 முதல் நாடு முழுக்க ஒரே நேரம். அல்மாத்திக்காரர்கள் நாங்கள் ஒரு மணி நேரம் பின்னால் போக வேண்டும். ஊரெல்லாம் இதே பேச்சு: இருட்டிவிடும், மாடு கறக்காது, தூக்கம் கெடும்.

சர்வருக்கு இதில் பெரிய வேலை இல்லை. லினக்ஸ் உள்ளுக்குள் உலக நேரத்தைத்தான் வைத்திருக்கிறது. அதையும் கிளவுடிலிருந்து தானாகச் சரிபார்த்துக்கொள்கிறது. எந்த ஊருக்கு எத்தனை மணி கூட்டிக் காட்டுவது என்பது தனியாக ஒரு சின்ன விதிக் கோப்பு. புதிய விதி வந்துவிட்டது. போட்டு, சோதித்தும் பார்த்துவிட்டேன். யாரும் கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

இதை வாதிமிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அந்தக் காலத்தில் வசந்தத்திலும் இலையுதிரிலும் நேரம் மாறும்போதெல்லாம் அவரே உட்கார்ந்து எல்லா இயந்திரங்களிலும் கையால் மணியைத் திருப்பியவராம். மார்ச் 1 வரும் நள்ளிரவில் தானே உள்ளே போய்த் திருப்பிவிடுவாராம். விதியும் மாறி, கையாலும் திருப்பினால் இரண்டு மணி நேரம் பின்னால் போய்விடும் என்றேன்.

"நான் கடிகாரம் திருப்ப ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல."

கிளம்பும் முன் சர்வரில் நேரத்தை மாற்றும் அனுமதியை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டேன். என்னிடமிருந்தும்தான். அவரிடம் சொல்லவில்லை.

சொல்லியிருக்கணுமோ?

பிப்ரவரி 29, வியாழன்

இன்றிரவு பதினொரு மணி இரண்டு தடவை வரும். ஏதாவது ஒன்றில் தூங்கினால் போதும்.

மார்ச் 1, வெள்ளி

எதை முதலில் எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன்.

தோமிரிஸ் எப்போதும் ஆறு மணிக்கு எழுபவள். இன்று ஐந்துக்கே எழுந்துவிட்டாள். அவளைப் பகலில் பார்த்துக்கொள்பவர் எதிர்வீட்டு ரௌஷான் அக்கா, என் ஓரகத்தி. இவளைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினால், அரைத் தூக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "அரசாங்கமே சொல்லியும் கேக்கல பாரு உன் பொண்ணு. ஊர்ல இருக்குற மெஷினுக்கெல்லாம் அப்டேட் போட்டியே, இவளுக்கு எப்பப் போடுவ?" என்றார். எனக்குச் சிரிக்கக்கூடத் தோன்றவில்லை.

அலுவலகத்தில் வாதிம் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. ஏழு மணிக்கு முதல் ஷிப்ட். திரையில் எல்லா நிலையங்களும் ஒவ்வொன்றாகப் பச்சை காட்டிக்கொண்டே வந்தன. தால்திகொர்கான் நிலையம் மட்டும் சிவப்பு. ஒரு நாற்காலியிலும் ஆள் உட்காரவில்லை.

உடனே போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே தலைமை நர்ஸ் சாகிரா.

"என்னம்மா இது, உங்க கம்ப்யூட்டர் பழைய நேரத்துலயே நிக்குது. ஏழாயிடுச்சு, ஆள ஏத்துங்கன்னு கத்துது. இங்க கடிகாரத்துல ஆறுதான். கிராமத்துலேர்ந்து வேன்ல வந்தவங்க வெளி வராண்டால உக்காந்திருக்காங்க."

போச்சு. எல்லாம் போச்சு. ஒரே சர்வர், ஒரே விதி. மற்ற ஊர்களில் சரியாக இருந்து இங்கே மட்டும் எப்படித் தப்பாகும்? ஒருவேளை மற்ற ஊர்களிலும் தப்போ, இன்னும் யாரும் கவனிக்கவில்லையோ? வாதிம் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். என் முன்னால் கையை நீட்டினார்.

"கீழ் ரூம் சாவியக் குடு."

பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டேன். வெளியே எடுக்க மனம் வரவில்லை. உங்கள் செல்போன் என்ன காட்டுகிறது என்று சாகிராவிடம் கேட்டேன். அது எட்டு காட்டுகிறதாம். போனை நம்பாதீர்கள் என்று டிவியில் சொன்னார்களாம், அதனால் சுவர்க் கடிகாரத்தை வைத்துத்தான் வேலை செய்கிறார்களாம்.

எட்டா? அந்தப் போனுக்குப் புது விதி வரவில்லை, அது பழைய நேரம். எட்டில் ஒன்று போனால் ஏழு. அப்படியானால் ஆறு எங்கிருந்து வந்தது?

"சாகிரா அக்கா, அந்தச் சுவர்க் கடிகாரத்த யாரு திருப்பினது?"

"நான்தான். நைட் டூட்டியில, ஸ்டூல் போட்டு ஏறி."

பின்னாலிருந்து இன்னொரு பெண்குரல், துடைப்பம் வாளியில் இடிக்கும் சத்தத்தோடு: "நானும்தான் திருப்பினேன், வந்ததும். மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

வராண்டாவில் யாரோ கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். "அப்போ இது ஏழா? அரை மணியா குளுருல கடிகாரம் தப்புன்னு சொல்லிட்டிருக்கேன், யாரு கேட்டா!" சாகிராவும் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நான் கடைசி நாற்காலிவரை பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

வாதிம் கோட்டைக் கழற்றவில்லை. அப்படியே உட்கார்ந்தார்.

"ராத்திரி நானும் உள்ள போனேன்," என்றார். "திருப்ப முடியல. அனுமதி இல்லன்னு சொல்லிச்சு. திரும்பத் திரும்பச் சொல்லிச்சு. எனக்கே கதவச் சாத்திட்டியா?"

"எனக்கும் சேர்த்துத்தான் சாத்தினேன், வாதிம் ஆந்த்ரேயெவிச்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தால்திகொர்கான் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா ஒரு கடிகாரத்ததான் திருப்பிச்சு. நான் எல்லா ஊரையும் திருப்பியிருப்பேன்," என்றார். டீ போடப் போனார். எனக்கும் ஒன்று கொண்டுவந்தார், பால் ஊற்றி. இதுவரை செய்ததில்லை.

மார்ச் 3, ஞாயிறு

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்? அத்திராவில் முன்பிருந்தே, எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால், இந்த நேரம்தான். இத்தனை நாளும் நான் இவளைத் தூங்கவைத்துவிட்டு அழைத்தால் பெய்பித் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்பார். இன்று அழைத்தபோது அறைக்கு வந்து படுத்திருந்தார். அங்கே மணி என்ன என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"உன் மணிதான்," என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

மூக்கொழுகல். தோமிரிஸுக்கா எனக்கா என்றால், இருவருக்கும். வீட்டிலிருந்தே வேலை. திருத்தங்கள் வந்திருந்தன, மடியில் இவளை வைத்துக்கொண்டே போட்டு, சர்வரை அணைத்து எழுப்பினேன். எழுந்துவிட்டது. இவள்தான் தூங்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

நாளை பெண்கள் தினம், விடுமுறை. வழக்கம்போல ஆண்கள் இன்றே டூலிப் பூக்களோடு மேசை மேசையாக வந்தார்கள். வாதிம் கடைசியாக வந்தார். பூவைக் கொடுத்துவிட்டு நின்றார். மறுபடி கையை நீட்டினார்.

"கீழ் ரூம் சாவியக் குடு."

எனக்குப் பக்கென்றது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் அவசரமாக, பழையதை நேற்றே அணைத்துவிட்டதாகவும், அந்த அறையைக் கட்டடச் சொந்தக்காரர்களிடம் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னார். சாவியை வளையத்திலிருந்து கழற்றுவதற்குள் என் நகம் உடைந்துவிட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன, பல்லு பட்ட மாதிரி இருக்கு?"

எலியாக இருக்கும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் தோமிரிஸ் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டாள். குலுக்கினாள். சத்தம் போதவில்லைபோல. ஒவ்வொரு சாவியாகத் தள்ளித் தள்ளித் தேடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.