திரையை நானே தட்டினேன், நைனா

என் ஆசை நைனாவுக்கு,

போன வாரம் உனக்கு வருஷப் படையல் போட்டோம். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வந்திருந்ததால் நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாடகத்தில் சேர்ந்துவிட்டேன், நைனா. சிரிக்காதே.

நீ போன பிறகு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா ஒருத்தியாக இட்லிக் கடையைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். ஒருநாள் பின்கட்டில் சட்னி அரைத்துக்கொண்டே நான் பாடியதை, கடைக்குச் சாப்பிட வந்த சரளாக்கா கேட்டிருக்கிறார். கோயில் திருவிழாக்களிலும் கடற்கரை விடுதிகளிலும் பாட்டு நாடகம் போடும் குழுவை நடத்துகிறவர் அவர். உள்ளே பாடுவது யார் என்று கேட்டாராம். அதற்கு அம்மா, "எம்பொண்ணுதான். கூப்ட்டா வரமாட்டா. வோணும்னா நீயே உள்ள போய்ப் பாத்துக்க" என்று சொல்லியிருக்கிறாள்.

உனக்குத்தான் தெரியுமே. வீட்டுக்கு வந்தவர்கள் பாடச் சொன்னால் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவேன். நீ அவர்களிடம், "உள்ள ரேடியோ பாடிகினு கீது, கேளுங்க" என்பாய். வெளியே வா என்று ஒருநாளும் நீ அதட்டியதில்லை. அது எனக்கு நல்லதாகப் போனதா, கெட்டதாகப் போனதா? இருந்திருந்தால் உன்னிடமே கேட்டிருப்பேன்.

சரளாக்கா அப்படியே உள்ளே வந்து என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டார். நாடகம், உப்பு வியாபாரி ஒருவரின் மகளைப் பற்றிய கதை. சரளாக்காவே எழுதியது. அந்த மகள் வேஷம் எனக்கு. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாடகத்திலும் முதல் தடவை மேடைக்கு வரும்போது இரண்டு பேர் நமக்கு முன்னால் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குப் பின்னால் நின்று முதல் பாட்டைப் பாட வேண்டும். சனங்களுக்குக் கீழே சலங்கை தெரியும், மேலே கொண்டைப்பூ தெரியும். முகம் தெரியாது. பாட்டு முடியும்போது நாமே துணியைக் கையால் தட்ட வேண்டும். தட்டினால்தான் விலக்குவார்கள். எனக்கென்றே யாரோ செய்துவைத்த வழக்கம் மாதிரி இருக்கிறது, இல்லையா?

முதல் நாடகம் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயிலில். நன்றாகத்தான் பாடினேன். ஆனால் தட்டவில்லை. கை எழவே இல்லை. ஆர்மோனியக்காரர் பாட்டை மறுபடி எடுத்தார். நானும் மறுபடி பாடினேன். மூன்றாவது தடவை தொடங்கியபோது, துணி பிடித்திருந்த ஏழுமலை அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாம்மா, கை மரத்துப்போச்சு. தட்டித் தொலையேன்" என்றார். கூட்டத்தில் ஒருவர், "பொண்ணு கீதா, இல்ல செல்போன்ல பாட்டுப் போட்டுகினு கீறீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சரளாக்கா தோழி வேஷத்தில் ஓடிவந்து, "எங்க சின்னம்மாவுக்கு ஒடம்பு சொகமில்ல" என்று சமாளித்தார். துணியோடு துணியாக நான் உள்ளே போய்விட்டேன். மீதி நாடகத்தைச் சரளாக்காவே என் வேஷத்தையும் சேர்த்து ஆடி முடித்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "திருவிடந்தையில இன்னொரு தபா ஆடிப் பாரு. முடியலன்னா நீ பின்னால ஒக்காந்து மைக்குல பாடு. வேற பொண்ணு வாயசைக்கட்டும்" என்றார். உண்மையைச் சொல்லட்டுமா, நைனா? பின்னால் உட்கார்ந்து பாடுவதை நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அன்று சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் பாடப்பாட இன்னொருத்தி என் பாட்டுக்கு அழுவதையும் சிரிப்பதையும் நினைத்துப் பார்த்தேன். தாங்கவில்லை.

அம்மா வேறு கறாராகச் சொல்லிவிட்டாள். "மறைஞ்சிகினு பாடறதுக்கு ஊரூரா ஏன் போற? நம்ம வூட்லயே பாடலாமே. இந்த தபாவும் ஆவலன்னா பேக்கிங் வேலைக்குப் போயிடு." அந்த வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போவது நீ ஓட்டிக்கொண்டிருந்த அதே கம்பெனி பஸ்தான், நைனா. கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு இரண்டு தடவை கடைக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

திருவிடந்தையில் கடற்காற்று துணியை என் முகத்தோடு ஒட்ட வைத்தது. பாட்டு முடிந்தது. கை எழவில்லை. ஆர்மோனியம் மறுபடி எடுத்தது. ஏழுமலை அண்ணன் பெருமூச்சு விட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. அவ்வளவுதான், நாளைக்குக் காலையில் பஸ் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது தடவை பாடினேன்.

அப்போது துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பல்லவியைக் கூடவே பாடியது. பெண்குரல். கட்டைக் குரல். இரண்டு சொல் தப்பு, சுருதியும் இல்லை. ஆனால் தாளம் மட்டும் பிசகவில்லை. சரளாக்கா எழுதிய புதுப் பாட்டு அது. நான் திருப்பித் திருப்பிப் பாடியதில் யாரோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

யாரது? எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அத்தனை நாளும் அவர்கள் என்னைப் பார்ப்பதற்குத்தான் துணியை விலக்குகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நான் அவர்களைப் பார்ப்பதற்கும்தான் என்று யாரும் சொல்லவில்லை. தட்டிவிட்டேன்.

முன்வரிசையில் ஒரு மீன்காரம்மா. காலி அலுமினிய அன்னக்கூடையை மடியில் கவிழ்த்து வைத்துத் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். இவ்வளவு நாள் நான் பயந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை, நைனா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்து மூன்றாவது தடவையும் பாடினேன். அவர் கண் திறந்து, "தோ, வந்துட்டா பாரு" என்றார், வெகுநேரமாக எனக்காகவே காத்திருந்தவர் மாதிரி. கடைசிவரை ஆடினேன்.

வேஷம் கலைக்கும்போது சரளாக்கா, "இனிமே ரெண்டு தபா பாடிட்டே தட்டு. சனம் பாட்டப் புடிச்சிக்குது" என்றார். "அப்ப எனக்கு ரெட்டக் கூலி குடுங்க" என்றார் ஏழுமலை அண்ணன்.

 நேற்று ஏஜெண்டு வந்து கேட்டபோது, அம்மா இட்லித் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அவளுக்கு ஏதுப்பா நேரம், மாமல்லபுரத்துல நாடகம் கீது" என்றாள். எனக்குப் பின்கட்டில் கேட்டது.

திருவிடந்தையில் அந்த அம்மா ஒருவரைப் பார்த்துத்தான் பாடினேன். மற்ற முகமெல்லாம் மங்கல்தான். மாமல்லபுரத்தில் இன்னும் ஒருவரைப் பார்ப்பேன். அதற்கடுத்த ஊரில் இன்னும் ஒருவர். சத்தியமாக.

நீ பெற்ற மூத்த பெண்,
கௌரி